இளம் கேலக்சிக் கொத்துகளில் வாயுவின் வரவும் செலவும்

பால்வெளி மண்டலம் முழுவதிலும் ஓர் ஆண்டில் பிறக்கும் விண்மீன்களின் மொத்த நிறை ஒன்றிரண்டு சூரியன்களுக்கு மேல் போகாது. ஈர்ப்பால் கட்டுண்ட கேலக்சிகளின் பெருங்கூட்டத்தைக் கொத்து என்பார்கள். 32 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கோமா கொத்தின் நடுவே, பால்வெளியைவிடப் பன்மடங்கு பெரிய நீள்வட்ட கேலக்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றில் அந்த அளவுகூடப் பிறப்பதில்லை. எஸ்பிடி 2349-56 என்ற தொகுதியில் காட்சி நேர்மாறு. அதன் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு; இது கூடக்கூடத் தொலைவும் பழமையும் கூடும்) 4.3, பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 140 கோடி வயது ஆகியிருந்தபோது கிளம்பிய ஒளி அது. நாலு லட்சத்துச் சொச்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் 14 கேலக்சிகள் அடைந்து கிடக்க, மொத்தத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,000 சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன என்று 2018இல் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட ஒன்று வளர்ந்து முதிர்ந்தால் கோமா போன்ற பெருங்கொத்தாகத்தான் ஆகும்.

ஆக, நெரிசல் என்பது ஒரு காலத்தில் விண்மீன் பிறப்பைத் தூண்டியிருக்கிறது, பிறகு அடக்கியிருக்கிறது. இந்தத் திருப்பம் எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்பதுதான் தொலைதூர இளம் கொத்துகளை ஆராய்கிறவர்களின் கேள்வி. விடை பெரும்பாலும் வாயுவின் கணக்கில் இருக்கிறது: கேலக்சிக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு விண்மீனாகிறது, எவ்வளவு வெளியே வீசப்படுகிறது. சூழல் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

ஆலன் டிரெஸ்லர் 1980இல் 55 கொத்துகளில் சுமார் 6,000 கேலக்சிகளின் வடிவத்தை வகைப்படுத்தினார். நெரிசல் கூடக்கூடச் சுருள் கேலக்சிகள் குறைந்து நீள்வட்டங்களும் லென்ஸ் வடிவங்களும் பெருகுகின்றன என்று காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புச்சரும் ஓம்லரும் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொத்துகளில் நீல நிற கேலக்சிகள், அதாவது இன்னும் விண்மீன் பெற்றுக்கொண்டிருப்பவை, எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. பின்னோக்கிப் போகப் போகக் கொத்துகள் உயிரோட்டமாகின்றன என்பதற்கு அதுவே முதல் தடயம். 2007இல் எல்பாஸ் குழு செம்பெயர்ச்சி 1 வாக்கில் நெரிசலான இடங்களில் சராசரி விண்மீன் பிறப்பு வீதம் கூடுவதாக அறிவித்தது. 2010இல் டிரான் குழு செம்பெயர்ச்சி 1.62 கொண்ட ஒரு கொத்தில் அதையே கண்டது. 2013இல் பிராட்வின் குழு பல கொத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்து, திருப்பம் செம்பெயர்ச்சி 1.4 அருகே நடந்திருக்கலாம் என்றது. அப்போது பிரபஞ்சத்தின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள்.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்தி நிதானிக்க வேண்டும். “விண்மீன் பிறப்பு அதிகம்” என்ற ஒரே தொடரால் மூன்று வெவ்வேறு அளவுகளைச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரு கன அளவுக்குள் மொத்தப் பிறப்பு. கேலக்சிகள் கூடுதலாக இருக்கும் இடத்தில் இது கூடுதலாகத்தான் இருக்கும். இதில் சூழலின் மாயம் எதுவும் இல்லை. இரண்டாவது, ஒரு கேலக்சிக்குச் சராசரி. நெரிசலான இடங்களில் நிறை மிகுந்த கேலக்சிகள் அதிகம், நிறை மிகுந்தவை அதிகம் பெறும். எனவே இதுவும் ஏமாற்றலாம். மூன்றாவது, ஒரே நிறையுள்ள கேலக்சிகளைக் கொத்துக்குள்ளும் வெளியிலும் எடுத்து ஒப்பிடுவது. சூழலின் கைவரிசை தெரிவது இங்கேதான். செம்பெயர்ச்சி 2 முதல் 5 வரையிலான கேலக்சிகளை வைத்து 2022இல் வெளியான லெமோ குழுவின் ஆய்வில் நெரிசலோடு சராசரி வீதம் ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி நெரிசலான இடங்களில் பெரிய கேலக்சிகள் மிகுந்திருப்பதால் வந்தது. எஸ்பிடி 2349-56இன் 6,000 என்ற எண்ணும் முதல் வகையைச் சேர்ந்தது. பிரமிக்க வைக்கும் எண்தான், ஆனால் தனியாக நின்று அது சூழலைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை.

முதலில் வரவு. கேலக்சி தன் கையிருப்பை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. கேலக்சிகளை இணைக்கும் பிரபஞ்ச வலையின் இழைகள் வழியாக வெளியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். டெக்கலும் பிர்ன்போய்மும் 2006இல் விளக்கியபடி, கேலக்சியைச் சூழ்ந்த ஹாலோவின், அதாவது கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உறையின், நிறை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரிய நிறையைத் தாண்டினால், உள்ளே விழும் வாயு அதிர்வலையில் மோதிச் சூடேறி லட்சக்கணக்கான டிகிரியில் தொங்கி நின்றுவிடும். அவ்வளவு சூடான, அடர்த்தியற்ற வாயு குளிர்ந்து இறங்க நெடுங்காலம் ஆகும். ஆனால் பழங்காலத்தில் இழைகள் ஒடுங்கி அடர்ந்திருந்ததால், சூடான ஹாலோவையும் ஊடுருவிக்கொண்டு குளிர்ந்த ஓடையாக மையம்வரை வர முடிந்தது. பிற்காலத்தில் இழை அகன்று நீர்த்துவிடுகிறது, ஹாலோவோ கொழுத்துவிடுகிறது, ஓடை அடைபடுகிறது. கொத்தாகப் போகிற இடத்துக்கு இழைகள் பல வந்து சேரும் என்பதால் தொடக்கத்தில் வரவு மிகுதி; ஹாலோ எல்லாரையும் முந்திக்கொண்டு பெருப்பதும் அங்கேதான் என்பதால் வரவு நிற்பதும் முதலில் அங்கேதான். தூண்டியதும் அடக்கியதும் ஒரே காரணத்தின் இரு கட்டங்கள்.

இழைகள் வெறும் கணினிக் கற்பனை அல்ல. செம்பெயர்ச்சி 3.09இல் உள்ள எஸ்எஸ்ஏ22 என்ற முன்னிலைக் கொத்தில் (கொத்தாக இன்னும் திரண்டுகொண்டிருக்கும் தொகுதியில்), 30 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீளும் ஹைட்ரஜன் இழைகளை 2019இல் உமேஹாத்தா குழு நேரடியாகப் படம்பிடித்தது. தூசி மண்டிய வேகப் பிறப்பு கேலக்சிகளும் வளரும் கருந்துளைகளும் அந்த இழைகளின் மேலேயே அமர்ந்திருந்தன.

அடுத்தது செலவு. செம்பெயர்ச்சி 2இல் உள்ள ஒரு பெரிய கேலக்சியிடம் 5,000 கோடி சூரிய நிறை மூலக்கூறு வாயு இருக்கிறது, ஆண்டுக்கு 100 சூரிய நிறை விண்மீனாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்துக்கு இவை சாதாரண எண்கள். வரவு நின்றால் 50 கோடி ஆண்டில் கையிருப்பு தீரும். சூப்பர்நோவாக்களும் கருந்துளையும் அதே வீதத்தில் வாயுவை வெளியே தள்ளினால் 25 கோடி ஆண்டிலேயே தீர்ந்துவிடும். இறக்கும் விண்மீன்கள் திருப்பித் தரும் வாயு இதைக் கொஞ்சம் இழுத்தடிக்கும், அவ்வளவுதான். இன்றைய சுருள் கேலக்சியில் இதே கணக்கு 200 கோடி ஆண்டு வரும்.

இந்த 50 கோடியை மற்றொரு காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இளம் கொத்துக்குள் கேலக்சிகள் நொடிக்கு 500 கி.மீ. அளவில் நகர்கின்றன. 16 லட்சம் ஒளியாண்டு ஆரத்தைக் கடக்க 100 கோடி ஆண்டு பிடிக்கும். விளிம்பிலேயே வரவு துண்டிக்கப்பட்ட கேலக்சி மையத்தை எட்டுமுன் கையிருப்பைத் தின்று தீர்த்துவிடுகிறது. மக்கீ, போவர், பாலோ மூவரும் 2014இல் முன்வைத்த “மிகைச் செலவு” விளக்கத்தின் சாரம் இது. இதற்கு வன்முறையான எதுவும் தேவையில்லை, வரவு நின்றாலே போதும். அருகில் உள்ள கொத்துகளில் கேலக்சி உள்ளே விழுந்தபின் பல நூறு கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதும், தொலைதூரக் கொத்துகளில் சீக்கிரமே அணைந்துவிடுவதும், அதாவது விண்மீன் பிறப்பு நின்றுவிடுவதும், இப்படிப் பார்த்தால் புரிகிறது.

மூன்றாவது, வலுக்கட்டாயமாகப் பிடுங்கப்படுவது. கொத்தின் சூடான வாயுவுக்குள் வேகமாகப் பாயும் கேலக்சியின் மீது எதிர்காற்று போல அழுத்தம் விழும். அது கேலக்சியின் வாயுவை உரித்தெடுக்கும். 1972இல் கன்னும் காட்டும் எழுதிய கணக்கு இது. உரிந்த வாயு வாலாகத் தொங்கும் ஜெல்லிமீன் கேலக்சிகளின் அழகான படங்களால் பொதுவெளியில் இந்த வழிமுறைக்கே புகழ் அதிகம். ஆனால் இளம் கொத்தில் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் போட்டே பார்த்துவிடலாம்.

அழுத்தம் என்பது சூழ்ந்த வாயுவின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. முதிர்ந்த கொத்தின் உட்பகுதியில் லிட்டருக்கு ஓர் அணு, வேகம் நொடிக்கு 1,000 கி.மீ. என்றால் அழுத்தம் ஒரு பாஸ்கலில் லட்சம் கோடியில் இரண்டு பங்கு. இதை எதிர்த்து வாயுவைப் பிடித்து வைப்பது தட்டின் ஈர்ப்பு: 2π, ஈர்ப்பு மாறிலி, விண்மீன்களின் பரப்படர்த்தி, வாயுவின் பரப்படர்த்தி ஆகியவற்றின் பெருக்கம். ஒரு சதுரப் பார்செக்கில் (பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு) 100 சூரிய நிறை விண்மீன்களும் 10 சூரிய நிறை வாயுவும் உள்ள இடத்தில் இதுவும் ஏறக்குறைய அதே அளவு வருகிறது. அதாவது இன்றைய சுருள் கேலக்சியில் அந்த எல்லைக்கு வெளியே உள்ள வாயு போய்விடும், உள்ளே உள்ளது நிற்கும்.

இப்போது செம்பெயர்ச்சி 2க்குப் போவோம். தட்டு கச்சிதமானது: சதுரப் பார்செக்கில் 300 சூரிய நிறை விண்மீன், 100 சூரிய நிறை வாயு என்று எடுத்தால் பிடிமானம் 30 மடங்கு கூடுகிறது. வேகம் 500 கி.மீ. என்பதால் அழுத்தம் கால்பங்காகிறது. அந்தக் காலத்தில் எல்லாமே நெருக்கமாக இருந்ததால் ஒரே நிறையுள்ள ஹாலோவில் வாயு ஏறத்தாழ ஒன்பது மடங்கு அடர்ந்திருக்கும் என்பதைச் சேர்த்தாலும், அழுத்தம் பிடிமானத்தில் பதிமூன்றில் ஒரு பங்குதான். பெரிய கேலக்சியின் நடுத்தட்டை இந்தக் காற்று அசைக்காது. வெளி விளிம்பையும் சுற்றியுள்ள தளர்ந்த வாயுவையும் உரிக்கலாம். சிறிய கேலக்சிகளை மொட்டையடிக்கலாம். அந்தத் தளர்ந்த வாயுவே அடுத்த வரவு என்பதால், உரிப்பும் கடைசியில் பட்டினி போடும் வேலையைத்தான் செய்கிறது.

மெதுவான வேகத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. நொடிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் உரசிப் போகும் கேலக்சிகள் ஒன்றோடொன்று இணையாது. 300, 400 கி.மீ. வேகத்தில் சந்திப்பவை இணையும். அதனால் இணைவுகள் நடக்க ஏற்ற இடம் முதிர்ந்த கொத்தைவிட உருவாகிக்கொண்டிருக்கும் கொத்துதான். மேலே சொன்ன செம்பெயர்ச்சி 1.62 கொத்தில் பெரிய கேலக்சிகளின் இணைவு வீதம் வெளியில் இருப்பதைவிட 3 முதல் 10 மடங்கு என்று 2013இல் மதிப்பிட்டார்கள். இணைவு வாயுவை மையத்துக்குத் தள்ளிப் பிறப்பைத் திடீரென உயர்த்தும், கருந்துளைக்கும் தீனி போடும். செலவு அங்கே கண்மண் தெரியாமல் ஏறுகிறது.

எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் தெரியும் இடம் ஸ்பைடர்வெப் என்ற முன்னிலைக் கொத்து. செம்பெயர்ச்சி 2.16, நடுவில் பல துண்டுகள் சேர்ந்து உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ கேலக்சி. 2016இல் எமான்ட்ஸ் குழு கார்பன் மோனாக்சைடு உமிழ்வை அளந்து, அந்த நடுக் கேலக்சியைச் சுற்றி இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் பரந்த குளிர்ந்த மூலக்கூறு வாயுத் தேக்கத்தைக் கண்டது. நிறை சுமார் 10,000 கோடி சூரியன்கள். கேலக்சிகளுக்கு இடைப்பட்ட அந்த வெளியிலேயே விண்மீன்களும் பிறக்கின்றன. 2023இல் டி மாஸ்கோலோ குழு அதே இடத்தில், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் விழும் நிழல் போன்ற தடத்தை அல்மா தொலைநோக்கி வரிசையால் அளந்து, சூடான கொத்து வாயு உருவாகத் தொடங்கிவிட்டதைக் காட்டியது. குளிர்ந்த தேக்கமும் சூடான வாயுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஓடை இன்னும் ஓடுகிறது, அடைப்பும் தொடங்கிவிட்டது. தூசி மறைத்த வேகப் பிறப்பு கேலக்சிகள் இங்கே வெற்று வானத்தைவிட நான்கு மடங்கு வரை அதிகம் என்று 2014இல் கண்டபோது, அவற்றில் பல நடுக் கேலக்சியிலிருந்து தள்ளியே கிடந்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

சிஎல் ஜே1001 என்ற கொத்து கொஞ்சம் முந்தைய நொடியைக் காட்டுகிறது. செம்பெயர்ச்சி 2.506. எக்ஸ் கதிரில் சூடான வாயுவின் பரவிய ஒளி தெரிகிறது, ஆகவே கொத்து என்று அழைக்கத் தகுதி உண்டு. ஆனால் மையத்தின் இரண்டரை லட்சம் ஒளியாண்டுக்குள் ஆண்டுக்கு சுமார் 3,400 சூரிய நிறை பிறக்கிறது. வாயு தீரும் காலம் 20 கோடி ஆண்டு என்று தாவ் வாங் குழு 2016இல் கணக்கிட்டது. பெரிய வரவு வந்தாலொழிய இந்தக் கூத்து நீடிக்க வழியில்லை. எக்ஸ்எல்எஸ்எஸ்சி 122 அதற்குப் பிந்தைய நிலையைக் காட்டுகிறது. செம்பெயர்ச்சி 1.98தான், ஆனால் மையத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது கேலக்சிகள் அணைந்துவிட்டன. அதே காலத்து வெளி கேலக்சிகளில் ஐந்தில் ஒன்றுதான் அணைந்திருந்தது. இரண்டு கொத்துகளுக்கும் இடையே 70 கோடி ஆண்டு கூட இல்லை. செம்பெயர்ச்சி 1.46இல் உள்ள எக்ஸ்எம்எம்எக்ஸ்சிஎஸ் ஜே2215இல் வாயு நிறைந்த 17 கேலக்சிகளை ஹயாஷி குழு அல்மாவால் கண்டது. அவை நட்ட நடுவைத் தவிர்த்து, புதிதாக உள்ளே வந்தவைக்குரிய இடத்தையும் வேகத்தையும் கொண்டிருந்தன. ஆக, திருப்பத்துக்கு நாள் குறிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு கொத்தும் தன் நிறையைப் பொறுத்து முன்னும் பின்னுமாகத் திரும்புகிறது.

பட்டினி என்ற விளக்கம் மட்டுமே போதும் என்றால் வேலை சுலபமாக இருந்திருக்கும். செம்பெயர்ச்சி 1 முதல் 1.5 வரையிலான கொத்துகளை ஜெமினி தொலைநோக்கிகளால் ஆராய்ந்த கோகிரீன் திட்டம் ஒரு முரணைக் கொண்டுவந்தது. கொத்துகளில் அணைந்தவை மிக அதிகம். ஆனால் அணைந்த கேலக்சிகளின் நிறைப் பரவல் வெளியில் இருப்பதன் வடிவத்தையே ஒத்திருக்கிறது. சூழலால் மட்டும் கூடுதலாக அணைந்த பங்கு, 500 கோடி சூரிய நிறையுள்ள சிறியவற்றில் சுமார் 30 விழுக்காடு, 10,000 கோடி நிறையுள்ளவற்றில் சுமார் 80 விழுக்காடு. இன்றைய பிரபஞ்சத்தில் பெங் குழு 2010இல் காட்டியதோ வேறு: சூழலின் விளைவு நிறையைச் சார்ந்திராது, எல்லாரையும் ஒரே விகிதத்தில் அணைக்கும். மிகைச் செலவுக் கணக்கில் பெரியவை சீக்கிரம் தீரும் என்பதால் திசை சரியாக இருக்கிறது, ஆனால் பரவலின் வடிவம் அப்படியே பொருந்துவதை அது தானாகத் தந்துவிடாது. இன்னொரு வழி, அவை கொத்துக்குள் விழுந்த பிறகு அணையாமல், அதற்கு முன்பே முன்னிலைக் கொத்துக் காலத்தில் எல்லாமே வேகமாக நடந்து முடிந்ததால் அணைந்தன என்பது. அப்படியானால் கொத்து கேலக்சிகளின் விண்மீன்கள் வெளியவற்றைவிடத் தெளிவாக மூத்தவையாக இருக்க வேண்டும். அளந்தபோது வித்தியாசம் சுமார் 30 கோடி ஆண்டுதான் வந்தது, பிழை எல்லையும் அந்த அளவுக்கு உண்டு. இரண்டும் கலந்து நடந்திருக்கும் என்பதே என் கணிப்பு: பெரியவை முன்னதாக, சிறியவை விழுந்த பிறகு.

அளவீட்டில் தவறுவது எங்கே என்பதையும் தெரிந்துகொண்டால் முரண்பட்ட முடிவுகள் பாதி விளங்கும். முதல் எதிரி தூசி. விண்மீன் பிறப்பை அளக்க உதவும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு 0.656 மைக்ரானில் பிறந்து ஸ்பைடர்வெப்பிலிருந்து 2.07 மைக்ரானாக நீண்டு வரும். அதற்கென்றே குறுகிய பட்டை ஃபில்டர் ஒன்றை சுபாரு தொலைநோக்கியில் பயன்படுத்தினார்கள். தூசி மறைப்பு ஒரு மேக்னிட்யூட் (வானியலின் பிரகாச அளவை) என்றால் விடையை 2.5 மடங்காக்க வேண்டும், மூன்று என்றால் 16 மடங்கு. நெரிசலில் உள்ள பெரிய கேலக்சிகளில் தூசி அதிகம். எல்லாவற்றுக்கும் ஒரே திருத்தத்தைப் போட்டால் சூழலின் விளைவு காணாமல் போகும், அல்லது தலைகீழாகும்.

சப்மில்லிமீட்டர் அலைகளில் தூசியே ஒளிரும், தொலைவு கூடினாலும் பிரகாசம் அதிகம் குறையாது. அங்கே சிக்கல் கூர்மை. எஸ்பிடி 2349-56இன் மையம் முழுவதும் வானில் 19 விகலை அகலம் (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு). ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கியான ஏபெக்ஸின் லபோகா கருவிக்குப் பார்வைக் கூர்மையே 19 விகலை. அல்மா வந்து பிரிக்கும்வரை 14 கேலக்சிகளும் ஒரு மங்கலான திட்டு.

தொலைவை நிறத்தால் மட்டும் மதிப்பிட்டால் செம்பெயர்ச்சி 2இல் வழக்கமான பிழை 0.06. பார்வைக் கோட்டில் அது ஏறத்தாழ 28 கோடி ஒளியாண்டு நீட்சி. முன்னிலைக் கொத்து, அதே அளவுகோலில், 16 கோடி ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். நொடிக்கு 500 கி.மீ. வேகப் பரவலைத் தேடுமிடத்தில் பிழை 6,000 கி.மீ. முன்னும் பின்னும் உள்ள அயலார் உள்ளே கலந்து, இருக்கிற வித்தியாசத்தையும் நீர்க்கச் செய்வார்கள். நிறமாலை கட்டாயம். உறுப்பினர் 20 பேர் என்றால், பாதி அணைந்தவை என்ற முடிவின் மேல் கூடவோ குறையவோ 11 விழுக்காடு பிழை தொங்கும்.

தேர்வு முறையும் விடையை முன்கூட்டியே எழுதிவிடக்கூடும். சப்மில்லிமீட்டர் ஒளியால் கண்டெடுத்த தொகுதியில் பிறப்பு கொழிக்கும், சிவந்த கேலக்சிகளின் வரிசையைத் தேடிப் பிடித்த கொத்தில் அணைந்தவை மிகும், எக்ஸ் கதிரால் பிடித்தது சூடான வாயு திரண்ட மூத்த கொத்தாகத்தான் இருக்கும். மூன்றையும் ஒரே வரைபடத்தில் செம்பெயர்ச்சி வரிசையில் அடுக்கி “பரிணாமம்” என்று பெயர் வைத்த ஆய்வுகள் உண்டு.

இனி வருவதில் பரப்பே முக்கியம். செம்பெயர்ச்சி 2இல் முன்னிலைக் கொத்து ஒன்று முழுநிலவின் அகலத்துக்கு வானில் விரியும். ஜேம்ஸ் வெப்பின் பல்பொருள் நிறமாலைக் கருவி ஒரு நேரத்தில் பார்ப்பது மூன்றரைக் கலை; ஒரு கலை 60 விகலை, முழுநிலவோ சுமார் 30 கலை. மையம் மட்டுமே அதில் அகப்படும், வரவு துண்டிக்கப்படும் விளிம்பு அகப்படாது. சுபாருவின் 2,394 இழை கொண்ட பிஎஃப்எஸ் நிறமாலைமானி அந்தப் பரப்பை ஒரே பார்வையில் மூடும். ஆனால் அதன் எல்லை 1.26 மைக்ரான், எனவே செம்பெயர்ச்சி 0.9க்கு மேல் ஹைட்ரஜன் ஆல்ஃபா கிடைக்காது. 2.4 வரை அயனி ஆக்சிஜனின் 0.373 மைக்ரான் கோட்டை நம்ப வேண்டும், அதுவோ தூசிக்கும் உலோகச் செறிவுக்கும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவுக்கும்) இன்னும் எளிதில் வசப்படுவது. 1.8 மைக்ரான் வரை போகும் மூன்ஸ் கருவி ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் செம்பெயர்ச்சி 1.7 வரை தரும். ஸ்பைடர்வெப்பின் ஹைட்ரஜன் ஆல்ஃபா இரண்டுக்கும் எட்டாது. அங்கே குறுகிய பட்டை ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடு அளவீடும்தான் இப்போதைக்குக் கைகொடுக்கும்.